மணிக்கட்டில் நான்கு வரி: மருத்துவ எச்சரிக்கைக் காப்பு – முழுமையான வழிகாட்டி

நம் வீடுகளில் நோயாளியின் சரித்திரம் முழுக்க ஒரு மஞ்சப்பைக்குள் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்கோ ரிப்போர்ட், ஸ்கேன் படம், பழைய மருந்துச் சீட்டு என்று பத்து வருடத்துக் காகிதம். பை பீரோவில் பத்திரமாக இருக்கிறது. பைக்கு உரியவரோ தாம்பரம் ரயில் நிலையப் படிக்கட்டில் மயங்கிக் கிடக்கிறார். அவருக்குச் செயற்கை இதய வால்வு பொருத்தியிருப்பதும், ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை சாப்பிடுவதும் சுற்றி நிற்கும் யாருக்கும் தெரியாது. வீட்டுக்குத் தகவல் போய், பையைத் தேடி எடுத்து, யாராவது தூக்கிக்கொண்டு ஓடி வருவதற்குள் சிகிச்சையின் முக்கியமான முடிவுகள் எடுக்கப்பட்டுவிடும்.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் மெடிக்கல் அலர்ட் காப்பு. கையில் பிரேஸ்லெட்டாகவோ கழுத்தில் டாலராகவோ போட்டுக்கொள்ளும் சிறிய உலோகத் தகடு. நோய், மருந்து, ஒவ்வாமை, யாரை அழைக்க வேண்டும் ஆகியவை அதில் பொறிக்கப்பட்டிருக்கும்.

நம்மூரில் விழிப்புணர்வுப் பேரணிகளுக்குக் குறைவில்லை. சர்க்கரை நோய், புற்றுநோய், ரத்ததானம் என்று ஆண்டு முழுக்க பேனர் தொங்குகிறது. ஆனால், ‘மயங்கிக் கிடப்பவரின் மணிக்கட்டைப் பாருங்கள்’ என்று எழுதிய பேனர் கண்ணில் படுவது அபூர்வம். அணிபவருக்கு மட்டும் சொல்லி, பார்ப்பவருக்குச் சொல்லாமல் விட்டால் காப்பு வெறும் நகைதான். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி அணிபவருக்கு, மீதி மற்ற எல்லோருக்கும்.

எங்கிருந்து வந்தது இது?

கலிபோர்னியாவில் டர்லாக் என்றொரு சிற்றூர். அங்கே மருத்துவராக இருந்த மேரியன் காலின்ஸின் மகள் லிண்டாவுக்கு 1953-இல் ஒரு காயம் பட்டது. டெட்டனஸ் தடுப்புக்காக ஆன்டிடாக்ஸின் கொடுப்பதற்கு முன், வழக்கம்போல மிகச் சிறிய அளவில் சோதனை மருந்து செலுத்திப் பார்த்தார்கள். அந்தத் துளியே அவரைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோய்விட்டது. சோதனை அளவே இந்தப் பாடு என்றால், வெளியூரில் யாரோ ஒருவர் முழு ஊசியையும் போட்டுவிட்டால் என்ன ஆவது? அந்தக் கவலையில் மகளின் ஒவ்வாமைகளைப் பொறித்து ஒரு வெள்ளிக் காப்பு செய்து அணிவித்தார்கள். 1956-இல் அதே குடும்பம் மெடிக்அலர்ட் என்ற அறக்கட்டளையைத் தொடங்கியது. இன்று உலகம் முழுக்க விற்கும் இத்தகைய நகைகளுக்கு அதுதான் முன்னோடி.

முதல் படி: உங்களுக்குத் தேவையா?

எல்லோருக்கும் தேவையில்லை. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, தைராய்டுக்கு ஒரு மாத்திரை என்று இருப்பவர்கள் பர்ஸில் ஒரு சீட்டு வைத்துக்கொண்டால் போதும். ‘நான் பேச முடியாத நிலையில் கிடந்தால், என்னைப் பற்றித் தெரியாத காரணத்தால் தவறான சிகிச்சை நடக்க வாய்ப்பு உண்டா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘உண்டு’ என்றால் காப்பு வேண்டும்.

முதல் வரிசையில் வருபவர்கள் இன்சுலின் போடுபவர்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் இவர்களோடு சேர்த்தி. வெறும் மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்நிலைக்குப் போவது அரிது. முன்சொன்னவர்களுக்கு ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது வியர்க்கும், கை நடுங்கும். இன்னும் இறங்கினால் நாக்கு குழறும், நடை தள்ளாடும், காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள். காலை நேரத்தில் பேருந்து நிலையத்தில் ஒரு நடுவயது ஆண் இப்படித் தள்ளாடினால் நம் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? ‘காலையிலேயே ஏத்திக்கிட்டான் போல’ என்று ஒதுங்கிப் போவார்கள். மூன்று ஸ்பூன் சர்க்கரையில் எழுந்து உட்கார வேண்டிய மனிதர், குடிகாரர் என்ற பட்டத்தோடு நடைமேடையில் கிடப்பார். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் – இண்டியாப் (INDIAB) ஆய்வு மதிப்பிட்டது. அதில் இன்சுலின் போடுகிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் கூட்டம் சிறியதல்ல.

அடுத்து, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசினோகூமரால் சாப்பிடுபவர்கள். இவர்கள் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே ரத்தம் கசியலாம். இந்தத் தகவல் தெரிந்தால் மருத்துவர் உடனே சி.டி. ஸ்கேனுக்கு அனுப்புவார். தெரியாவிட்டால் ‘லேசான அடிதான்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடவும் கூடும்.

ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபீலியா நோய் உள்ளவர்களுக்குத் தசையில் ஊசி போடக்கூடாது. நம்மூரிலோ உடம்பு வலி என்று போய் நின்றாலே இடுப்பில் ஒரு ஊசி. பெனிசிலின், சல்ஃபா, டைக்ளோஃபினாக் போன்றவற்றுக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அதே ஆபத்துதான். நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், அட்ரீனல் சுரப்பி சரியாக வேலை செய்யாதவர்கள் ஆகியோருக்கு நெருக்கடியில் உடனடியாக ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தேவைப்படும். அதை யாராவது எழுதி வைத்திருந்தால்தான் நினைவுக்கு வரும். வலிப்பு நோய், பேஸ்மேக்கர், மாற்று உறுப்பு பெற்றவர்கள், மயஸ்தீனியா கிரேவிஸ் என்னும் தசைத் தளர்ச்சி நோய் என்று பட்டியல் நீளும். டயாலிசிஸ் செய்துகொள்பவரின் ஃபிஸ்டுலா (அதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் ஊசியோ பி.பி. பட்டையோ கூடாது. இவர்கள் காப்பையும் மறு கையில்தான் போட வேண்டும். மறதி நோய் வந்து வீட்டை விட்டு நடந்து போய்விடும் முதியவர்கள் தனிக் கதை. அவர்களுக்கு நோயின் பெயரைவிட போன் நம்பர்தான் மருந்து.

இரண்டாம் படி: டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி

உங்கள் மருத்துவரிடம், ‘என்னைப் பற்றி அவசரப் பிரிவு மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று விஷயங்கள் என்ன?’ என்று கேளுங்கள். அதை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். நாமாக எழுதினால் மருந்தின் பெயரில் எழுத்துப் பிழை வரும். ஒரு தடவை வயிற்றைப் புரட்டிய மாத்திரையை ‘அலர்ஜி’ என்று போட்டுவிடுவோம். பெனிசிலின் ஒவ்வாமை என்று ஆயுள் முழுக்கச் சுமந்து திரிபவர்களில் பலருக்குச் சோதித்துப் பார்த்தால் அப்படி எதுவும் இருப்பதில்லை. இல்லாத ஒவ்வாமையைத் தகட்டில் பொறித்தால், உயிர் காக்கும் மருந்து ஒன்றை நாமே தடுத்தது போலாகிவிடும்.

மூன்றாம் படி: என்ன பொறிப்பது?

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தடுமாறுகிறார்கள். 4 சென்டிமீட்டர் தகட்டில் வாழ்க்கை வரலாறு எழுத முடியாது. பக்கத்துக்கு நான்கு வரிதான். அந்த வரிகளைப் படிக்கப் போவது இரண்டு வகையான ஆட்கள். முதலில் பார்ப்பவர் ஆட்டோக்காரர், கடைக்காரர், போலீஸ்காரர். அடுத்து பார்ப்பவர் 108 ஆம்புலன்ஸில் வரும் மருத்துவ உதவியாளர், அவசரப் பிரிவு மருத்துவர். முன்னவருக்குத் தமிழ் வேண்டும். பின்னவருக்கு மருத்துவப் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் வேண்டும். அவர் ஒடிசாவிலிருந்து வந்து இங்கே படிக்கும் பயிற்சி மருத்துவராகவும் இருக்கலாம். ஆகவே முன்பக்கம் ஆங்கிலம், பின்பக்கம் தமிழ்.

ஒரு மாதிரி. முன்பக்கம் முதல் வரியில் பெயரும் பிறந்த ஆண்டும். இரண்டாவது வரியில் ‘செயற்கை மைட்ரல் வால்வு’. மூன்றாவதில் ‘வார்ஃபரின்’. நான்காவதில் ‘பெனிசிலின் ஒவ்வாமை’. இவை ஆங்கில எழுத்தில். பின்பக்கம் தமிழில் ‘ரத்தம் உறையாது’ என்று ஒரு வரி. அதன் கீழே ‘மகள்’ என்று போட்டு கைபேசி எண், ‘தம்பி’ என்று போட்டு இன்னொரு எண். வேலை முடிந்தது. மருந்தின் அளவைப் பொறிக்க வேண்டாம். வார்ஃபரின் அளவு மாதத்துக்கு மாதம் மாறும், உலோகம் மாறாது.

உறவுமுறையைப் போடுவதில் ஒரு காரியம் இருக்கிறது. அழைக்கிறவர் ‘அம்மா, உங்க அப்பா இங்க மயங்கி விழுந்துட்டாரு’ என்று நேராகப் பேசலாம். பெயர் மட்டும் இருந்தால் ‘நீங்க யாரு, அவரு யாரு’ என்று இரண்டு நிமிடம் போகும். கூடவே, கொடுத்த நம்பருக்கு உரியவர் தெரியாத எண்ணை எடுக்கும் ஆளாக இருக்க வேண்டும். லோன் கம்பெனி தொல்லை தாங்காமல் புது நம்பரை எடுக்கவே எடுக்காத பிள்ளையின் எண்ணைப் பொறித்துப் பயனில்லை.

ரத்த வகையைப் பொறிக்க வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். எந்த நல்ல மருத்துவமனையும் காப்பைப் பார்த்து ரத்தம் ஏற்றாது. வகையைச் சோதித்து, ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே ஏற்றும். இடம் மிச்சமிருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். விலக்கு உண்டு: பாம்பே குரூப். 1952-இல் பம்பாயில் மருத்துவர் ஒய்.எம். பெண்டே குழுவினர் வெளியுலகுக்குச் சொன்ன அரிய ரத்த வகை இது. சாதாரணச் சோதனையில் ஓ குரூப் போலவே தெரியும். ஆனால் ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இந்த வகையினருக்கு மட்டும் முதல் வரியே அதுதான்.

ஆதார் எண், வீட்டு முகவரி வேண்டவே வேண்டாம். தெருவில் நிற்கும் எவரும் படிக்கக்கூடிய தகடு இது. எச்.ஐ.வி. போன்ற விவரங்களையும் பொறிக்க வேண்டியதில்லை; எந்த நோயாளியைத் தொடும்போதும் மருத்துவமனை ஊழியர்கள் ஒரே மாதிரியான பாதுகாப்பைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே விதி.

தகட்டின் ஓரத்தில் ஒரு சின்னம் அவசியம். ஒற்றைக் கோலில் ஒற்றைப் பாம்பு சுற்றியது, அல்லது அந்தப் பாம்பை நடுவில் கொண்ட ஆறு கை நட்சத்திரம். ஆம்புலன்ஸ்களில் நீல நிறத்தில் பார்த்திருப்பீர்கள். அதைக் கண்டால்தான் இது சாமி காப்போ அலங்காரமோ அல்ல என்று புரியும். செஞ்சிலுவையைப் போடாதீர்கள். இந்தியாவில் 1960-ஆம் ஆண்டு ஜெனிவா ஒப்பந்தச் சட்டப்படி அனுமதியின்றி அதைப் பயன்படுத்தக்கூடாது.

நான்காம் படி: எதில், எங்கே?

துருப்பிடிக்காத ஸ்டீல். அதிலும் 316எல் ரகம் வியர்வைக்கும் உப்புத் தண்ணீருக்கும் தாங்கும். நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோலுக்கு டைட்டானியம்.

தங்கத்தில் செய்ய ஆசைப்படும் வீடுகள் உண்டு, குறிப்பாகப் பெண்களுக்கு. வேண்டாம் என்பேன். விபத்தில் வருபவரின் தங்கத்தை அவசரப் பிரிவில் முதல் வேலையாகக் கழற்றி, எழுதி வைத்து, உறவினரிடம் ஒப்படைப்பார்கள். எச்சரிக்கை நோயாளியை விட்டு மாமியாரின் கைப்பைக்குள் போய்விடும். அதற்கு முன்பே ரோட்டில் யாராவது கழற்றிக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

இணையத்தில் ஆயத்தக் காப்புகள் கிடைக்கின்றன; எழுத்து கொடுத்தால் லேசரில் பொறித்து அனுப்புவார்கள். ஆனால் தமிழில் வேண்டும் என்றால் வழி பக்கத்திலேயே இருக்கிறது: பாத்திரக்கடை. கல்யாணச் சீர்வரிசைக்கு எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டித் தருபவர், தட்டையான காப்புத் தகட்டிலும் வெட்டித் தருவார்.

“அண்ணே, இதுல எத்தனை வரி வரும்?”

“இங்கிலீஷ்னா நாலு வெட்டலாம்மா. தமிழ்னா மூணுதான் தெளிவா நிக்கும். சுழியெல்லாம் ஒட்டிக்கும்ல.”

அவர் சொல்வது சரி. தமிழ் வரிகளைச் சுருக்கமாக வையுங்கள்: ‘சர்க்கரை – இன்சுலின்’, ‘வலிப்பு நோய்’, ‘ஊசி ஒவ்வாது’. வெட்டும் முன் காகிதத்தில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். வெட்டிய பிறகு போன் நம்பரை ஒவ்வோர் இலக்கமாகப் படித்து, அங்கேயே நின்று அந்த எண்ணுக்கு அடித்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: அணிகிற பழக்கம்

நம் மணிக்கட்டு காலியாக இருப்பதில்லை. திருப்பதிக் கயிறு, சமயபுரத்து மஞ்சள் கயிறு, செப்புக் காப்பு, தர்காவில் கட்டிய நூல் என்று ஏற்கெனவே ஒரு கூட்டம். அவற்றுக்கு நடுவே ஸ்டீல் தகடு தொலைந்து போகும். கயிறுகள் ஒரு கையில், காப்பு மறு கையில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் ஊழியர் நாடி பார்க்கத் தொடும் இடம் மணிக்கட்டு என்பதால், காலில் போடுவதைவிடக் கையில் போடுவதே மேல். கழுத்துச் செயினில் டாலராகப் போட்டால் சட்டைக்குள்ளோ புடவைக்குள்ளோ மறையும். தறியிலும் லேத்திலும் வேலை செய்பவர்கள் போன்று கையில் எதுவும் மாட்டக்கூடாதவர்களுக்கு மட்டும் அதைச் சொல்லலாம்.

குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்ற வேண்டாம். எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும்போது மட்டும் கழற்றியே ஆக வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜையன்று வண்டிக்குப் பொட்டு வைக்கும்போது, தகட்டில் இருப்பது இன்னமும் உண்மைதானா என்று பாருங்கள். மருந்து மாறியிருந்தால் தகடும் மாற வேண்டும். பழைய தகடு தப்பான தகவல்.

‘பொண்ணு கையில இதைப் போட்டா...’

இந்தத் தயக்கத்தைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் ‘வலிப்பு நோய்’ என்று எழுதிய காப்பை மாட்டச் சொன்னால் அம்மாவுக்குப் பகீர் என்றிருக்கும். அந்தப் பயத்துக்குச் சட்டமே ஒரு காலத்தில் துணை நின்றது. இந்து திருமணச் சட்டத்தில், அடிக்கடி வலிப்பு வருவது திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-இல்தான் திருத்தம் கொண்டுவந்து அதை நீக்கினார்கள். சட்டம் மாறியது, கல்யாணத் தரகர் வாய் இன்னும் மாறவில்லை.

வழிகள் உண்டு. நோயின் பெயர் வெளியே தெரியாமல் தகட்டின் உள்பக்கம் பொறிக்கலாம். வெளிப்பக்கம் சின்னம் மட்டும். கைக்கடிகாரப் பட்டையில் கோத்துக்கொள்ளும் தகடுகளும் கிடைக்கின்றன. எதுவும் இல்லாமல் போவதைவிட மறைத்துப் போடுவது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் மறைப்பது அந்த வீட்டாரின் குறையல்ல. மாற வேண்டியது சுற்றியிருப்பவர்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கேசிடி மேகன் என்ற சிறுமி தனக்கு வலிப்பு நோய் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லி, 2008-இல் மார்ச் 26-ஐ அந்நோய்க்கான விழிப்புணர்வு நாளான ஊதா தினமாக்கினாள். இந்தியாவில் நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் தினம்.

காப்போடு துணைக்கு

காப்பு தலைப்புச் செய்தி மாதிரி. முழு விவரத்துக்குப் பர்ஸில் ஒரு சீட்டு: மருந்துகள், அளவு, மருத்துவரின் பெயர், மருத்துவமனை, தேதி. லேமினேட் செய்யாதீர்கள், திருத்த முடியாது. கைபேசியில் பூட்டைத் திறக்காமலே பார்க்கக்கூடிய அவசரத் தகவல் பகுதி இருக்கிறது. ஐபோனில் ‘மெடிக்கல் ஐடி’, ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் அவசரத் தகவல். இன்றே நிரப்பிவிடலாம். 2005-இல் பாப் பிராட்சி என்ற பிரிட்டிஷ் ஆம்புலன்ஸ் ஊழியர், ‘அவசரத்தில் அழைக்க’ என்ற பொருளில் ஐ.சி.இ. என்று போட்டு எண்ணைச் சேமிக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தார். அதன் நீட்சிதான் இது.

க்யூஆர் கோடு பொறித்த காப்புகள் இப்போது வருகின்றன. ஸ்கேன் செய்தால் முழு மருத்துவ வரலாறும் திறக்கும் என்கிறார்கள். சிக்னல் இருந்தால், கம்பெனி மூடாமல் இருந்தால், சந்தா கட்டியிருந்தால் திறக்கும். கோடு இருக்கட்டும்; பக்கத்தில் கண்ணால் படிக்கும் எழுத்தும் இருக்கட்டும்.

ரப்பர் வளையம் வேறு, காப்பு வேறு

2004-இல் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் அறக்கட்டளை புற்றுநோய்க்காக மஞ்சள் ரப்பர் வளையம் விற்றது. அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நிற வளையம். அதே சமயம் ஃபுளோரிடாவில் சில மருத்துவமனைகளில், உயிர் மீட்பு முயற்சி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த நோயாளிகளின் கையில் மஞ்சள் பட்டைதான் கட்டினார்கள். ஆதரவுக்காக மஞ்சள் வளையம் போட்டு வந்த நோயாளியைத் தவறுதலாக அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுவார்களோ என்று பயந்து, அந்த வளையங்களைக் கழற்றச் சொல்லவோ மூடி ஒட்டவோ வேண்டியதாயிற்று. பிரசாரத்துக்கு வளையம் அச்சிடுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்: ஆதரவு வளையத்தில் நோயின் பெயரை மட்டும் போட்டால், அணிந்தவர் நோயாளியா, ஆதரவாளரா என்று யாருக்கும் தெரியாது.

ஆறாம் படி: உங்கள் ஊரில் ஒரு முகாம்

நாள் தேர்வு எளிது. நவம்பர் 14 உலக நீரிழிவு தினம், இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் பேன்டிங்கின் பிறந்தநாள். நமக்கு அது குழந்தைகள் தினமும்கூட. பள்ளிகள் மிட்டாய் கொடுக்கும் அந்த நாளில், இன்சுலின் போடும் பிள்ளை வகுப்பில் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆசிரியர்களிடம் பேச நல்ல வாய்ப்பு. ஏப்ரல் 17 ஹீமோபீலியா, செப்டம்பர் 21 மறதி நோய், அக்டோபர் 13 ரத்த உறைவு தினம்.

பேரணி வேண்டாம். வெயிலில் பிள்ளைகளை நடக்க வைத்து, தலைமை விருந்தினர் வரும்வரை நிறுத்தி வைப்பதில் யாரும் எதையும் கற்பதில்லை. இரண்டு மேசை போடுங்கள். ஒன்றில் ஒரு மருத்துவரோ அனுபவமுள்ள செவிலியரோ உட்கார்ந்து மருந்துச் சீட்டைப் பார்த்து நான்கு வரி எழுதித் தரட்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களைக் கேட்டால் யாருக்குத் தேவை என்று அவர்களே சொல்வார்கள். இரண்டாவது மேசையில் பேர் வெட்டுபவர். லயன்ஸ், ரோட்டரி மாதிரி அமைப்புகள் தகட்டுச் செலவை ஏற்றால் போதும்.

அதே நாளில் ஆட்டோ ஸ்டாண்டுக்கும், பேருந்து நிலைய டீக்கடைகளுக்கும் போய் ஆளுக்குப் பத்து நிமிடம் பேசுங்கள். முதலில் பயத்தைப் போக்குங்கள்: 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தில் உதவுபவரை வழக்கிலிருந்து பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. பிறகு செய்முறை. மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலிப்பு என்றால் கையில் சாவிக்கொத்து திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், நேரத்தை மட்டும் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ் வந்தே ஆக வேண்டும். சர்க்கரை தாழ்ந்தவர் விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும் சர்க்கரையோ ஜூஸோ. நினைவில்லை என்றால் சோடாவை வாயில் ஊற்றக்கூடாது. இரண்டு மணிக்கட்டையும், கழுத்தையும் பாருங்கள். பாம்புச் சின்னத் தகடு இருந்தால் அதைக் கழற்றாமல், 108-க்கு அடித்து அதில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டியாவது படித்துச் சொல்லுங்கள். அதற்கடுத்த போன், பின்பக்கத்தில் இருக்கும் நம்பருக்கு.